கீச்சிடும் சக்கரம்

மோட்டார் வாகனத்தைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவோம் என்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டி நமக்குப் பழக்கமில்லை. ஆயினும், சென்ற பொங்கல் விடுமுறையில் ஜவ்வாது மலைச் சாலையின் ஒரு வளைவில், சாலையோரக் கல்லொன்றின்மீது ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க நேர்ந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதையும், அதன்பின் கேட்டும் படித்தும் அறிந்ததையும் வாசகக் குடும்பங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. ஏனெனில், இன்று நம் பங்குகளில் கார் இல்லாத தெருவே அரிது.

நம் தம்பியின் மகன் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கிறான். நல்ல பிள்ளை, உழைப்பாளி. வங்கிக் கடன் பெற்றுப் புதிய கார் ஒன்று வாங்கினான். வெறும் கார் அன்று. விரைந்தோடுவதற்கென்றே அமைக்கப்பட்ட வகை. பார்வைக்குச் சிறியது, ஆனால் காலால் சற்றே அழுத்தினால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். கியரோ தானே மாறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக். இத்தனை பெருமையும் உடைய அந்தக் கார் மூன்றாம் மாதத்திலேயே கீச்சிடத் தொடங்கிற்று. தெருமுனையில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் காணாத கிணற்று உருளையைப் போல ஓர் ஒலி. பக்கத்து வீட்டார் திரும்பிப் பார்த்தனர். "இத்தனை இலட்சம் கொடுத்து வாங்கின வண்டி மாவு மில்லைப் போலக் கத்துகிறதே!" என்று அவன் தாயே கேலி செய்தாள். பையனுக்கு மானம் போயிற்று.

பட்டறைக்குக் கொண்டுபோனான். அங்கே, பிரேக் டிஸ்க்குகளை மாற்றிவிடுங்கள் என்றார்கள். நான்கும் மாற்றப்பட்டன. தேய்மானப் பொருள் என்பதால் உத்தரவாதத்தில் வராது என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போயிற்று. மூன்று வாரம் அமைதி நிலவியது. நான்காம் வாரம் பழைய ஒலி அப்படியே திரும்பி வந்தது. அதன்பின் அவன் கண்ட மருந்து, காரிலுள்ள பாட்டுப்பெட்டியின் ஒலியைக் கூட்டி வைப்பது!

இந்தக் கீச்சொலி ஏன் வருகிறது? டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. சிலர் இதனை ரோட்டர் என்பர். அதன் இருபுறமும் பேடு எனப்படும் உராய்வுக் கட்டைகள் நிற்கின்றன. நாம் மிதிக்கும்போது காலிப்பர் என்னும் கவ்வி அக்கட்டைகளைத் தட்டின்மீது அழுத்துகிறது. கட்டை தட்டை ஒரே சீராகப் பிடிப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒட்டும், நழுவும், மீண்டும் ஒட்டும். ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை இது நிகழும். அந்த அதிர்வில் தட்டே மணியைப் போல ஒலிக்கிறது. கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டி சில வேளைகளில் பல் கூசும்படிக் கீச்சிடுவதும், வயலின் நரம்பில் வில் இசை எழுப்புவதும் இதே நியாயத்தினால்தான். வயலினுக்குக் காசு கொடுத்துக் கேட்கிறோம். பிரேக்குக்குக் காசு கொடுத்து நிறுத்தப் பார்க்கிறோம்.

விரைவுக் கார்களின் பேடுகளில் உலோகத் துகள் மிகுதியாகச் சேர்ப்பது உண்டு. மிகுந்த சூட்டிலும் பிடி தளராமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அத்தகைய பேடு, குளிர்ந்திருக்கும்போதும் மெல்ல ஓட்டும்போதும் கீச்சிடுவது இயல்பு. பந்தயக் குதிரையைச் செக்கில் பூட்டினால் அது கனைக்கத்தானே செய்யும்! டிஸ்க்கை மாற்றியதும் மூன்று வாரம் ஒலி அடங்கியதன் காரணமும் இதனால் விளங்கும். புதிய தட்டின் மேற்பரப்பில் கடைசலின் நுண்ணிய சொரசொரப்பு இருந்தது. அது வழவழப்பாகும் வரை அமைதி. பின்னர் அதே பேடு, அதே ஒலி. நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்து வேறிடத்தில் இடப்பட்டது.

இந்த ஒலி இன்று நேற்றுத் தோன்றியதன்று. டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் என்பவர் 1902-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அவர் தட்டைக் கவ்வுவதற்குச் செம்பைப் பயன்படுத்தினார். உலோகத்தோடு உலோகம் உரசியதில் எழுந்த அலறல் தாங்கமுடியாததாக இருந்ததாம். ஆகப் பிறந்தபோதே கீச்சிட்ட குழந்தை இது! டிஸ்க் பிரேக் பலரறியப் புகழ் பெற்றது அரை நூற்றாண்டு கழித்து, 1953-இல் பிரான்சு நாட்டின் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார் அதனைப் பூட்டிக்கொண்டு வென்றபோதுதான்.

அவ்வலறலுக்கு மருந்து பிறந்த கதை மலைநாட்டோடு தொடர்புடையது. அதே இங்கிலாந்தின் டர்பிஷயர் குன்றுகளில், இறக்கத்தில் இறங்கும் குதிரை வண்டிகளின் மரக்கட்டை பிரேக்குகள் சரிவரப் பிடிக்காமல் வண்டிக்காரர்கள் பட்ட பாட்டை ஹெர்பர்ட் புரூட் என்பவர் கண்டார். சிலர் பழைய செருப்புத் தோலைக் கட்டையில் அறைந்து சமாளித்துவந்தனர். அதைப் பார்த்த அவர் 1897-ஆம் ஆண்டு முதல் உராய்வுப் பொருள்களை ஆராயத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துக்களை மாற்றிப்போட்டு, மனைவியின் பெயரிலிருந்து ஓரெழுத்தைச் சேர்த்து, 'பெரோடோ' என்று தம் சரக்குக்குப் பெயர் வைத்தார். மனைவியை மறவாத வியாபாரி! பின்னர் அவர் கல்நாரைச் சேர்த்துச் செய்த பேடுகள் ஒலியைக் குறைத்தன. அந்தக் கல்நார்த் தூசி நுரையீரலுக்கு நஞ்சு என்பது பிற்காலத்தில் தெரியவந்தது; இன்றைய புதிய கார்களின் பேடுகளில் அது பெரும்பாலும் கைவிடப்பட்டுள்ளது. எனினும் பிரேக் தூசியை வாயால் ஊதும் வழக்கம் பட்டறைப் பையன்களிடம் இன்னும் உண்டு. உங்கள் பிள்ளை பட்டறையில் வேலை செய்பவனானால் இதை அவனுக்குச் சொல்லுங்கள்.

நம் மாநிலமும் இத்தொழிலில் பின்தங்கியதன்று. 1962-இல் சென்னைப் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்துக்கு ஜவ்வாது மலையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சோளிங்கரில் ஒரு வார்ப்பாலை இருக்கிறது. வண்டியை நிறுத்தும் இரும்பை வார்க்கும் ஊர் நமக்கு அண்டை ஊர்தான்.

இனி மலைக்கு வருவோம். ஜமுனாமரத்தூரைப் பார்க்கவேண்டும் என்று தம்பி மனைவி நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பையன், அவன் மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை, தம்பி மனைவி, நாம் ஆக ஐவர் புறப்பட்டோம். போளூரிலிருந்து மேலேறும் சாலை. ஏறும்போது கார் தன் வல்லமை முழுவதையும் காட்டிற்று. வளைவுக்கு வளைவு பிரேக் கீச்சிட்டது. வளைவுக்கு வளைவு குழந்தை கைதட்டிச் சிரித்தாள். ஏரியைக் கண்டோம், சாமையும் தேனும் வாங்கினோம். பிற்பகலில் இறங்கத் தொடங்கினோம்.

இறங்கும்போது ஓர் அதிசயத்தைப் பையன் கவனித்தான். நான்கைந்து வளைவு கடந்ததும் கீச்சொலி நின்றுவிட்டது. முற்றிலும் அமைதி. "மலைக்காற்று வண்டிக்கு ஒத்துக்கொண்டது, பெரியப்பா!" என்று மகிழ்ந்தான். நாமும் மகிழ்ந்தோம். குழந்தை தாயின் மடியில் உறங்கிப்போனாள்.

இன்னும் சில வளைவுகள். ஏதோ தீய்ந்த நாற்றம். யாரோ காட்டுக்குத் தீ வைத்திருக்கிறார்கள் என்று தம்பி மனைவி கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். அடுத்த வளைவில் பையன் முகம் மாறியதை நாம் பார்த்தோம். வழக்கத்துக்கு மேலாகக் காலை ஊன்றி மிதிக்கிறான். வண்டி வழக்கம்போல் அடங்கவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. வலப்புறம் பாறை, இடப்புறம் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. எப்படியோ சற்று அகலமான ஓரிடத்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டான். முன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

அப்போது கீழிருந்து ஏறிவந்த சிறு சரக்கு வேன் ஒன்று நின்றது. பின்னால் சிமெண்டு மூட்டைகள். மூட்டைகளின்மேல் ஆறேழு மலைவாசிகள், பெண்களும் பிள்ளைகளுமாக. ஓட்டுநர் இறங்கி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முகர்ந்து பார்த்தார், சிரித்தார். முதல் வேலையாக ஒரு பெரிய கல்லை உருட்டிவந்து முன் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டையாக வைத்தார். மேடைப் பேச்சில் முட்டுக்கட்டை என்றாலே தீயது என்று கேட்டுப் பழகிய நமக்கு, அன்று அச்சொல்லின் உண்மையான பொருள் விளங்கிற்று.

பையன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு சக்கரத்தருகே குனிந்தான். ஓட்டுநர் தடுத்தார். "ஊத்தாதீங்க தம்பி, காய்ஞ்ச இரும்பு விரிசல் விட்டுடும். தானா ஆறட்டும். கை பிரேக்கும் போடாதீங்க, பார்க்கிங் கியரும் கல்லும் போதும்" என்றார். பிறகு கேட்டார்: "எந்த கியர்ல இறங்கினீங்க?"

"ஆட்டோமேட்டிக் அண்ணா, தானே மாறிக்கொள்ளும்."

"தானா மாறினா அது மேலேதான் போகும் தம்பி. இறக்கத்துல வண்டிய கியர்ல பிடிக்கணும், கால்ல பிடிக்கக் கூடாது. இதுல கீழ இறக்க வழி இல்லையா?"

வழி இருந்தது. கியர்க் கோலின் அருகில் கூட்டல், கழித்தல் குறிகள் இருந்தன. கழித்தல் பக்கம் தட்டினால் கியர் இறங்கும். வேகப் பந்தயத்துக்கானது என்று எண்ணி அதனை நகரில் விளையாட்டாகப் பயன்படுத்தியவன், மலை இறக்கத்தில் பயன்படுத்தலாம் என்று நினைத்ததே இல்லை.

பின்னர் வீட்டில் அமர்ந்து நாம் ஒரு கணக்குப் போட்டோம். ஐவரோடு காரின் எடை 1,600 கிலோ. இறங்கும் உயரம் 500 மீட்டர் என்று கொள்வோம். அவ்வளவு எடை அவ்வளவு தூரம் கீழே வருவதன் ஆற்றல் முழுவதும் பிரேக்கிலேயே வெப்பமாக மாறுமானால், 25 லிட்டர் தண்ணீரை, அதாவது சுமார் இரண்டு குடத்தை, கொதிக்க வைக்கப் போதும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரைப் பன்னிரண்டு முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்கு இது சமம். கியரைத் தாழ்த்தினால் இச்சுமையில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். தாழ்த்தாவிட்டால் எல்லாம் தட்டின் தலையில்தான். அளவுமீறிச் சூடேறிய பேடு தன் பிடியை இழக்கிறது. அப்போது கீச்சிடவும் அதற்குத் திராணி இல்லை. நம்மை மகிழ்வித்த அமைதி அதுவே. இன்னும் சூடேறினால் பிரேக் ஆயில் கொதிக்கும். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 என்னும் வகை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 155 பாகையாகத் தாழ்ந்துவிடுகிறது. ஆயில் கொதித்து ஆவியானால் கால் மிதி வெறுமனே தரைவரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது வியாபாரத் தந்திரமன்று. எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது! பத்து ரூபாய் பெட்ரோலுக்கு ஐந்து உயிரைப் பந்தயம் வைக்கிறார்கள்.

ஓட்டுநர் பேசிக்கொண்டே நின்றார். அவருடைய வண்டியின் பிரேக் எப்படி என்று பேச்சுவாக்கில் கேட்டோம். "முன்னால டிஸ்க், பின்னால டிரம் ஐயா. பின் லைனிங் மாத்தி ரெண்டு மூணு வருஷம் இருக்கும். சத்தம் எதுவும் இல்லை, அதனால கழட்டிப் பார்க்கலை" என்றார். நாம் மூட்டைகளின்மேல் அமர்ந்திருந்தவர்களைப் பார்த்தோம். ஒரு பெண் நம் குழந்தையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

இதே ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், 2022 ஏப்ரல் 2-ஆம் நாள் சனிக்கிழமை நடந்தது வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். புலியூர் மக்கள் சேம்பரையிலுள்ள கோயிலுக்கு ஒரு சிறு வேனில் புறப்பட்டார்கள். மலைச்சாலையில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. 11 பேர் மாண்டனர். இறந்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் இருந்தனர். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்று சமவெளியில் இருந்துகொண்டு சொல்வது எளிது. பேருந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை வருகிறது, வராத ஊரில் பிள்ளைபெறப் போகும் பெண் எதில் ஏறுவாள் என்று கேட்டால் நமக்கு வாயடைத்துப்போகிறது. பேருந்து விடவேண்டியவர்கள் விடவேண்டும். அதுவரை அவ்வண்டிகளின் பிரேக்கைக் கழற்றிப் பார்க்கவாவது யாரேனும் வேண்டாமா? நகரத்தில் ஒரு காதுக்கு இனிமையில்லாத ஒலிக்காக நான்கு நல்ல தட்டுகளைக் கழற்றி எறிந்தோம். மலையில் ஒலி இல்லை என்பதற்காக ஒரு டிரம்மைக் கூடத் திறந்து பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, கழித்தல் குறியில் கியரை வைத்து, ஊர்ந்து இறங்கினோம். போளூரில் ஒரு சிறு பட்டறை. முதியவரான மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை என்றார். பேடுகள் கண்ணாடிபோல் பளபளத்துக் கிடந்தன. உப்புத்தாளால் தேய்த்தார், காலிப்பர் நகரும் ஊசிகளுக்கும் பேடின் முதுகுத் தகட்டுக்கும் அதற்குரிய கிரீசைத் துளியளவு தடவினார். உராயும் முகத்தில் ஒரு பொட்டுப் பட்டாலும் பிரேக் பிடிக்காது என்று எச்சரித்தார். பிரேக் ஆயிலை மாற்றினார். பின்னர் ஆளில்லாச் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து வரை மெல்லக் குறைத்து, நிறுத்திவிடாமல், இடைவெளி விட்டுப் பத்துப் பன்னிரண்டு முறை இப்படிச் செய்யச் சொன்னார். பேடும் தட்டும் ஒன்றோடொன்று பழகவேண்டுமாம். புது மருமகளும் மாமியாரும் போல என்றார். தம்பி மனைவி அதைக் கேளாதவள்போல் இருந்தாள்.

அவரிடம் நாம் கேட்டறிந்தவற்றையும் சொல்லிவிடுகிறோம். காலையில் முதல் இரண்டு மூன்று மிதியில் கரகரத்து மறைவது இரவுப் பனியில் பிடித்த மேல்துரு, அதற்கு அஞ்சவேண்டாம். ஆனால், ஓடும்போது விடாமல் மெல்லிய கீச்சொலி வந்தால் உடனே பேடைப் பார்க்கவேண்டும். பேடு தேய்ந்து மிக மெலிந்ததும் தட்டில் உரசி ஒலிக்கும்படி பல கார்களில் ஒரு சிறு எஃகு நாக்கு வைத்திருக்கிறார்கள். அது வேண்டுமென்றே எழுப்பும் ஒலி. இரும்போடு இரும்பு அறைபடும் ஓசை கேட்டாலோ வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்தவேண்டும். எந்த டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் இவ்வளவு என்று பொறித்திருக்கும். மாற்றச் சொல்லும் பட்டறையில், அளந்து காட்டுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும். கூடவே பேடையும் மாற்றவேண்டும்.

கார் இப்போதும் குளிர்ந்த காலையில் இரண்டொரு முறை கீச்சிடத்தான் செய்கிறது. பையன் பாட்டுப்பெட்டியின் ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறான். மலையேறி வரும் அந்த வேன் ஓட்டுநரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்திருந்தவன், மாசி மாதத்தில் அழைத்துக் கேட்டான். அறுவடைச் சுமை அதிகம், அடுத்த வாரம் கட்டாயம் கழற்றிப் பார்த்துவிடுவதாக அவர் சொன்னாராம். மறு வாரம் கேட்டபோதும் அதையே சொன்னாராம். மூன்றாம் முறை பையன் போளூர்ப் பட்டறைக்கே பணம் அனுப்பிவிட்டு, வண்டியைக் கொண்டுபோகச் சொன்னான். பின் லைனிங் ரிவெட்டு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்ததாக மெக்கானிக் சொன்னார்.

கழற்றிய பழைய டிஸ்க்குகள் நான்கும் தம்பி வீட்டுக் கொல்லையில் கோழிக் கூண்டின் மூடிமேல் பாரமாகக் கிடக்கின்றன. சென்ற வாரம் நாம் ஒரு கருவியை இரவல் வாங்கிக்கொண்டு போய் அவற்றின் தடிமனை அளந்து பார்த்தோம். நான்கும் பொறித்த அளவுக்கு வெகுவாக மேலேயே இருந்தன.